இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று, மாடியில் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் எங்கள் தெருவில் ‘மாடித்தோட்டக்காரி’ என்று பெயர் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. இரண்டாவது பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, இரண்டு வயதுக்காரியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் மாடி ஏறி இறங்கியதைப் பார்த்தவர்கள் நிறுத்தி வைத்துக் கேட்ட கேள்விகள் இவை. கீரை வாங்க வந்தவர்கள், அங்கன்வாடி வாசலில் நின்றவர்கள், பரிசோதனை நாளில் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்று ஆள் மாறினாலும் சந்தேகம் மாறவில்லை. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

கணக்குக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு நாள் தள்ளிப்போனது ஆனியில் தெரிந்தது. மகன் மாசியில் பிறந்தான். அதாவது ஆடிப்பட்டம் மசக்கையில் போனது, ஐப்பசி மழை ஐந்தாறு மாதத்தில் வந்தது, தைப்பட்டத்தின்போது நான் தாய்வீட்டில் இருந்தேன். நான் மருத்துவர் இல்லை. உடம்பு பற்றிய இடங்களில் எனக்குச் சொல்லப்பட்டதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதியிருக்கிறேன். உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சையே கேளுங்கள்.

அக்கா, மாசமாக இருக்கும்போது மண்ணைத் தொடலாமா?

தொடலாம், கையுறை போட்டுக்கொண்டு. பயப்பட வேண்டியது பூனையின் மலத்துக்குத்தான். அதில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கக்கூடும். பூனை கழித்து ஒரு நாள் ஆன பிறகே அது தொற்றும் நிலைக்கு வருகிறது. ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கர்ப்ப காலத்தில் முதன்முறையாக இந்தத் தொற்று வந்தால் வயிற்றுப் பிள்ளையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். தெருப் பூனைகளுக்கு நம் செடிப் பைகளைவிட வசதியான கழிப்பறை கிடையாது என்பது தோட்டம் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

நான் செய்தது இவ்வளவுதான். வெறும் பைகளின் மேல் கருவேல முள்ளையும் காய்ந்த தென்னை ஈர்க்குச்சிகளையும் குத்தி வைத்தேன். பூனை உட்கார இடம் இல்லாமல் போனது. (மகள் நடமாடத் தொடங்கிய பக்கத்தில் முள்ளை எடுத்துவிட்டு வலைத்துண்டு போட்டேன்.) மண் கலக்கும் வேலை, பை மாற்றும் வேலை இரண்டையும் கணவரிடம் தள்ளிவிட்டேன். கீழே இறங்கியதும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைப்பதில்லை. பச்சையாகத் தின்னும் வெள்ளரி, தக்காளி, கொத்தமல்லியை ஓடும் நீரில் நன்றாக அலசினேன்.

சாணி, தொழுவுரம், பஞ்சகவ்யம் எல்லாம்?

நன்றாக மக்கிய தொழுவுரம், மண்புழு உரம் என்றால் கையுறையோடு போடலாம். பச்சைச் சாணியைக் கையால் கரைப்பது இந்த ஒன்பது மாதத்துக்கு வேண்டாம். அதில் கிருமிகள் உண்டு. பஞ்சகவ்யத்தை வேறு யாராவது கலந்து ஊற்றட்டும், லிட்டருக்கு 30 மில்லி போதும். அறுவடைக்கு நிற்கும் கீரையின் மேல் அதைத் தெளிக்கவே கூடாது.

முள், துருப்பிடித்த கம்பி கீறுவது தோட்டத்தில் சகஜம். எனவே டெட்டனஸ் வராமல் காக்கும் டி.டி. தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் பிள்ளைக்கு இரண்டு ஊசியும் போட்டு, மூன்று வருடத்துக்குள் மறுபடி உண்டாகியிருந்தால் ஒரு பூஸ்டர் போதும். என் அட்டையைப் பார்த்துவிட்டு எனக்கு ஒன்றுதான் போட்டார்கள்.

இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று இருக்கும்போது தோட்டம் அவசியமா? உண்மையைச் சொல்லுங்கள்.

அவசியம் இல்லை. உழவர் சந்தையில் கீரைக்கட்டு கிடைக்கிறது. யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. தோட்டம் இல்லாமல் உங்களுக்கு இருப்புக் கொள்ளாது என்றால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பாதியாக வெட்டிவிட்டு.

எனக்கு 42 பைகள் இருந்தன. ஆடி முதல் வாரம் மாடிப்படியில் பாதி ஏறி, அங்கேயே உட்கார்ந்து, மகள் மேலே ஓடிவிடாமல் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுத அன்று 14 ஆக்கினேன். மீதிப் பைகளின் மண்ணை ஒரு மூலையில் கொட்டி, தார்ப்பாயால் மூடிவிட்டோம். எந்தச் செடியை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய ஒரே கேள்விதான் வைத்துக்கொண்டேன்: ஐந்து நாள் நான் மாடிப்பக்கமே போகாவிட்டால் இது பிழைக்குமா? குடைமிளகாய், காலிஃபிளவர், காரட் எல்லாம் அந்தக் கேள்வியிலேயே போய்விட்டன. எனக்கு அதில் வருத்தம் இருந்தது, மறைப்பானேன்.

அந்த 14 பையில் என்னென்ன இருந்தன?

கீரை நான்கு பை: அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, பசலைக்கொடி. அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ள மறுபடி தழைக்கும் என்பதால் ஒருமுறை விதைத்தால் மாதக்கணக்கில் கவலையில்லை. சிறுகீரை 25, 30 நாளில் பிடுங்கிவிடலாம். வெண்டை மூன்று பை. விதைத்து 45 நாளில் காய்க்கத் தொடங்கும், பூச்சித் தொல்லையும் தாங்கக்கூடியதுதான். கொத்தவரை இரண்டு. கத்தரி இரண்டு, மிளகாய் ஒன்று, பெரிய பையில் கறிவேப்பிலை ஒன்று, பரங்கிக்கொடி ஒன்று. அந்தப் பரங்கியை வைத்தது தவறு என்று கணவர் இன்னும் சொல்கிறார். அந்தக் கதை கீழே வருகிறது.

இவை தவிர, பாதியாக அறுத்த நீல டிரம்மில் பெரியகுளம் முருங்கை, அதாவது பி.கே.எம். 1. அது டிரம்மிலும் ஆறேழு மாதத்தில் காய்க்கும். காயே வராவிட்டாலும் கீரை உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித்தோட்டத் தொகுப்பை விசாரித்துப் பாருங்கள். பை, தென்னை நார்க்கட்டி, விதை எல்லாம் ஒன்றாகக் கிடைத்துவிடும். கடை கடையாக அலைகிற உடம்பு நிலை இது இல்லை.

வாந்தி தாங்கவில்லை. மாடிக்குப் போனாலே குமட்டுகிறது, என்ன செய்வது?

எனக்கு மீன் அமிலம்தான் எமன். மீன் கழிவும் வெல்லமும் சம அளவில் போட்டு மூடி வைத்த டப்பாவை ஆனி மாதமே தயாராக வைத்திருந்தேன். ஒருநாள் மூடியைத் திறந்தேன். அதோடு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அந்த டப்பாவைத் தெருக்கோடியில் தோட்டம் போட்டிருக்கும் அக்காவிடம் கொடுத்துவிட்டோம். மண்புழு உரத்துக்கு மழை பெய்த மண்ணின் வாசனைதான் இருக்கும். மசக்கை முடியும்வரை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேப்பம் புண்ணாக்கும் நாறும், ஆனால் தண்ணீரில் ஊற வைக்காமல் தூளாக மண்ணில் கலந்துவிட்டால் தொல்லை இல்லை.

எழுந்ததும் மாடி ஏறும் பழக்கத்தையும் விட்டேன். வெறும் வயிற்றில் குமட்டல் அதிகம். இரண்டு ரஸ்க்கு தின்று, அரைமணி கழித்து ஏறினால் ஓரளவு முடிந்தது. முடியாத நாளில் ஏறவில்லை. வாந்தியில் தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போனால் தோட்டத்தை மறந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

சின்னப் பிள்ளையை மாடிக்கு அழைத்துப் போகவே பயமாக இருக்கிறது. நீங்கள் எப்படி விட்டீர்கள்?

பயம் சரிதான், இந்தப் பக்கம் முழுவதிலும் முக்கியமான கேள்வி இதுதான். மாடியில் மூன்று ஆபத்துகள் உண்டு: கைப்பிடிச் சுவர், தண்ணீர், படி.

எங்கள் வீட்டுக் கைப்பிடிச் சுவர் மூன்றடி. வெயில் நன்றாகக் கிடைக்கிறது என்று நான்கு வருடமாக அந்தச் சுவரை ஒட்டித்தான் பைகளை வரிசையாக வைத்திருந்தேன். ஒரு காலை நான் வெண்டையைப் பறித்துக்கொண்டே திரும்பினேன். மகள் கத்தரிப் பையின் விளிம்பில் ஏறி நின்று, சுவரின் மேல் மோவாயை வைத்து, கீழே போகும் பால்காரருக்குக் கை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஓரடிப் பையில் ஏறியதும் மூன்றடிச் சுவர் அவளுக்கு இரண்டடியாகிவிட்டது. கத்தினால் திரும்புவாள், கால் சறுக்கும். சத்தம் போடாமல் போய் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். அன்று மாலையே பைகள் எல்லாம் மாடியின் நடுவுக்கு வந்தன. சுவரிலிருந்து நான்கடிக்குப் பை, செங்கல், கவிழ்த்த வாளி, ஸ்டூல் எதுவும் கிடையாது. வெயில் கொஞ்சம் குறையட்டும்.

தண்ணீர் அதைவிட மோசம், ஏனென்றால் சத்தமே கேட்காது. குப்புற விழுந்தால் அரை வாளித் தண்ணீர் போதும். இந்த வயதில் தலை கனம், தானாக நிமிர முடியாது. நார்க்கட்டி ஊற வைக்கும் தொட்டி, கரைசல் டிரம் எல்லாவற்றுக்கும் இறுக்கமான மூடி வாங்கினோம். வாளியை வேலை முடிந்ததும் கவிழ்த்துவிட வேண்டும். படியின் மேல்முனையில் ஒரு தட்டிக் கதவு, தாழ்ப்பாள் பெரியவர்களின் தோள் உயரத்தில். ஆள் வைத்துச் செய்த செலவு இது ஒன்றுதான்.

இன்னொன்று. இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஒருவருக்குச் செடி, ஒருவருக்குப் பிள்ளை. நான் தனியாக இருந்தால் பிள்ளைதான் வேலை. செடிக்கு அவள் தூங்கும் நேரம். இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கலாம் என்று நினைத்துத்தான் நான் அன்று வெண்டை பறித்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தில் எந்தச் செடியெல்லாம் இருக்கக் கூடாது?

அரளி முதலில். சாமிக்குப் பூ என்று பாதி வீடுகளில் இருக்கிறது. செவ்வரளி, மஞ்சள் அரளி இரண்டும் இலை, பூ, விதை என எல்லாப் பாகமும் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு. ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி, காட்டாமணக்கு இவற்றின் விதைகளும் நஞ்சுதான். குன்றிமணி பார்க்க மிட்டாய் மாதிரி இருப்பதால் கூடுதல் ஆபத்து. அழகுக்கு வைக்கும் மணி பிளான்டும் சேம்பிலையும் கொல்லாது, ஆனால் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும்.

எங்கள் அரளியை மாமியார் வெட்டவிடவில்லை. கோயிலுக்குக் கொடுத்துவிடலாம் என்றதும் சம்மதித்தார். பிள்ளை எதையாவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத்தண்ணீர் புகட்டாதீர்கள். 108-ஐ அழையுங்கள், அந்தச் செடியின் கிளையையும் ஒடித்துக் கையோடு கொண்டுபோங்கள்.

என் பையன் மண்ணை அள்ளித் தின்கிறான். பூச்சி வருமா?

ஒரு வாய் தின்று துப்பினால் வாயைத் துடைத்துவிடுங்கள், அவ்வளவுதான். தினமும் தேடிப்போய்த் தின்றால் இரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடியில் குடற்புழு நீக்க அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். ஒன்று முதல் இரண்டு வயதுக்கு அரை மாத்திரை, இரண்டு வயது தாண்டினால் ஒன்று. அந்த நாளைத் தவறவிடாதீர்கள். மாடியில் கூடச் செருப்புப் போட்டுவிடுங்கள். கொக்கிப்புழு பெரும்பாலும் பாதத்தின் வழியாகத்தான் ஏறும்.

சிரிக்காதீர்கள் அக்கா, எனக்கே மண் தின்ன வேண்டும் போல இருக்கிறது.

சிரிக்கவில்லை. எனக்குச் சாம்பல். பாத்திரம் விளக்க வைத்திருந்த சாம்பலை முகர்ந்துகொண்டே நிற்பேன். இது பல நேரம் இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. அடுத்த பரிசோதனையில் கூச்சப்படாமல் சொல்லுங்கள். நான் சொன்னேன், ஹீமோகுளோபின் 9.4 இருந்தது.

வீட்டிலேயே முருங்கை இருக்கிறதே, இரும்புச்சத்து மாத்திரை எதற்கு?

எனக்கும் இதே திமிர் இருந்தது. மேலே சொன்ன 9.4 வந்தது தினமும் கீரை தின்றுகொண்டிருந்த காலத்தில்தான். கீரையில் இருக்கும் இரும்பில் சிறு பங்கைத்தான் உடம்பு எடுத்துக்கொள்கிறது. அரசு கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காம் மாதத்திலிருந்து குறைந்தது 180 நாள், பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள். இரத்தசோகை இருந்தால் அளவைக் கூட்டுவார்கள். கீரையால் அந்த அளவை எட்ட முடியாது.

கீரையை விட வேண்டும் என்று சொல்லவில்லை. பொரியலில் எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்கும். சாப்பாட்டோடு காபி, டீ குடிப்பது அதைக் கெடுக்கும். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள். மாத்திரையால் மலம் கருத்துப் போகும், இறுகவும் செய்யும். அதற்குத்தான் கீரையும் கொத்தவரையும் உதவும்.

வீட்டில் பப்பாளி மரம் நிற்கிறது. மாமியார் வெட்டச் சொல்கிறார். வெட்டவா?

மரத்தை ஏன் வெட்ட வேண்டும்? மரத்தைப் பார்த்தால் யாருக்கும் கரு கலையாது. காயில் இருக்கும் பால்தான் சிக்கல். எலிகளில் செய்த ஆய்வில் அந்தப் பால் கருப்பையைச் சுருங்கச் செய்தது, நன்றாகப் பழுத்த பழம் தீங்கு செய்யவில்லை. ஆகவே காயும் செங்காயும் வேண்டாம், கூட்டுக்கும் வேண்டாம். முழுக்கப் பழுத்ததில் இரண்டு துண்டு தின்பதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் தின்னவில்லை. ஆபத்து என்று நினைத்ததால் அல்ல. தின்ற மறுநாள் லேசாக வயிறு வலித்தாலும் வீட்டில் எழப்போகும் பேச்சைக் கேட்கத் தெம்பில்லை. மகள் தின்றாள்.

மாசமாக இருப்பவள் பரங்கிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்கிறார்களே?

இது என் வீட்டிலேயே நடந்த வழக்கு. முதல் பிஞ்சு எலுமிச்சை அளவு வந்ததும் மகள் “பால்! பால்!” என்று விரல் நீட்டிக் காட்டினாள், பந்தைத்தான் அப்படிச் சொல்வாள். அப்பத்தா ஓடிவந்து விரலை மடக்கி, “இப்படிக் காட்டு கண்ணு” என்று மடக்கிய முட்டியால் காட்டச் சொன்னார். நான்காம் நாள் பிஞ்சு மஞ்சளாகி, நுனியில் அழுகி விழுந்தது. அப்பத்தா என்னைப் பார்த்தார். நானும் காட்டியிருந்தேன்.

இரண்டாவது பிஞ்சும் விழுந்தது. அதை யாருமே காட்டவில்லை. பிறகுதான் உறைத்தது, மாடியில் தேனீயே இல்லை. பரங்கியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருக்கும். மகரந்தம் சேராவிட்டால் அது நாலைந்து நாளில் வெம்பி விழும். பூ விடிகாலையில் விரிந்து முற்பகலுக்குள் மூடிக்கொள்ளும். காலை ஏழு மணிக்குள் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் தடவ வேண்டும். நான் ஆண் பூவை உரித்துக் கொடுக்க, மகள் தடவினாள். “பூவுக்கு மை” என்று அதற்குப் பெயரும் வைத்தாள். அந்தக் காய் நின்றது. நாலு கிலோவுக்குப் பக்கம் வந்தது. மகரந்தம் சேர்ந்தும் பிஞ்சு அழுகினால் பழ ஈ குத்தியிருக்கும். காகிதப் பையால் மூடிக் கட்டுங்கள்.

முழுப் பரங்கியைக் கர்ப்பிணி அரிவாள்மனையில் வெட்டக் கூடாது என்ற வழக்கத்தை மட்டும் நான் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டேன். அவ்வளவு கெட்டியான காயை வேறு யாராவது வெட்டிக்கொடுத்தால் வேண்டாம் என்பானேன்.

பூச்சிக்கு என்ன தெளிப்பது? கடை மருந்து வேண்டாம் என்று தெரியும்.

வீட்டு மருந்து என்பதாலேயே அது பிள்ளைக்கு நல்லது என்று ஆகிவிடாது. இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய்க் கரைசல் பூச்சியை விரட்டும். அதே இலையைத் தொட்ட கை கண்ணுக்குப் போனால் ஊரே கூடும். பட்டுவிட்டால் கால்மணி நேரம் சுத்தமான தண்ணீரால் கழுவிக்கொண்டே இருங்கள். வேப்பெண்ணெயை விழுங்கிய சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன. அந்தப் பாட்டிலைக் குளியலறைத் தேங்காய் எண்ணெய்க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள்.

அந்த வருடம் நான் நம்பியது தண்ணீரைத்தான். அசுவினியும் மாவுப்பூச்சியும் குழாயில் பீய்ச்சினாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். போகாத கிளையை வெட்டி எறிந்தேன். புளித்த மோரை நீர்விட்டுத் தெளித்தேன். அதற்கும் மசியாத கத்தரிச் செடி ஒன்றைப் பிடுங்கிப் போட்டேன். 40 ரூபாய் கத்தரிக்காய்க்காக யார் மல்லுக்கட்டுவது.

எத்தனை கிலோ வரை தூக்கலாம்? பூவாளி தூக்கினால் ஏதாவது ஆகுமா?

பத்து லிட்டர் பூவாளி நிறைந்தால் பத்துக் கிலோவுக்கு மேல். இரண்டரை வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு கிலோ பக்கம் இருக்கும். ஒரு கையில் அது, ஒரு இடுப்பில் இது என்று படி ஏறுவதுதான் கூடாது. நச்சுக்கொடி கீழிறங்கி இருக்கிறது, கருப்பை வாய் பலவீனம், இரத்தக் கசிவு என்று சொல்லப்பட்டவர்கள் எதையும் தூக்கவே வேண்டாம். மருத்துவர் அனுமதிக்கும் வரை மாடியும் வேண்டாம்.

நாங்கள் மேல்தொட்டிக் குழாயிலிருந்து ஒரு ஹோஸ் இழுத்தோம். மூடாக்காகக் காய்ந்த இலையும் தேங்காய் மட்டைத் துண்டும் பைகளில் போட்டதில், நாளுக்கு ஒருமுறை ஊற்றினதே போதுமானது. களை எடுக்கக் குனிவதற்குப் பதில் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள். தலை சுற்றினாலோ வயிறு இறுகினாலோ வேலை பாதியில் நிற்கட்டும்.

கணவர் உதவுகிறேன் என்று தினமும் தண்ணீர் ஊற்றியே செடியை அழுக வைத்துவிட்டார். என்ன சொல்வது?

ஒன்றும் சொல்லாதீர்கள், விரலை மண்ணில் விடச் சொல்லுங்கள். விரலின் முதல் கணு வரை ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். எங்கள் வீட்டிலும் இரண்டு மிளகாய்ச் செடிகள் அன்பினால் செத்தன. பையின் அடியில் துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மகள் பிஞ்சு, பூ எதையும் விடாமல் பறிக்கிறாள். அடிக்கவும் மனம் வரவில்லை.

அவளுக்கென்று ஒரு பை கொடுங்கள். என் மகளுக்கு வெந்தயம் கொடுத்தேன். சமையலறை டப்பாவிலிருந்து ஒரு பிடி எடுத்து அவளே தூவினாள். மூன்றாம் நாள் முளை, இருபதாம் நாள் கீரை. அவள் பொறுமைக்கு அதற்கு மேல் தாங்காது. அந்தப் பையில் என்ன செய்தாலும் நான் வாய் திறப்பதில்லை. முளை வந்துவிட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்ப்பாள்; மறுபடி தூவுவோம். மற்றப் பைகளில் ‘சிவப்பானால் பறிக்கலாம்’ என்று ஒரு விதி வைத்தேன். தக்காளிக்கு அது சரியாக வந்தது. மிளகாய்க்கும் சரியாக வந்துவிட்டதால் அந்தப் பையை உயரத்தில் ஏற்ற வேண்டியதாயிற்று.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடிக்குப் போகலாமா?

பாசி பிடித்த தளத்தில் வயிற்றோடு நடக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே, அதாவது புரட்டாசியில், நடைபாதையைத் தேய்த்துக் கழுவி வைத்தால் நல்லது. மழை நாளில் செடிக்கு உங்களால் ஆகவேண்டியது எதுவும் இல்லை.

கொசுவுக்குத்தான் ஆள் வேண்டும். பைகளுக்கு அடியில் வைத்த தட்டு, கவிழ்க்காத மூடி, உடைந்த தொட்டி எல்லாம் டெங்குக் கொசுவின் பிரசவ அறைகள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். நான் தட்டுகளையே எடுத்துவிட்டேன். இந்தக் கொசு பகலில் கடிப்பது, கர்ப்பிணிக்கு டெங்கு வந்தால் மோசம். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வீட்டில் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகிறேன். மூன்று மாதம் தோட்டத்தை யார் பார்ப்பது?

யாரும் பார்க்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பார்த்தால் லாபம். நான் மார்கழிக் கடைசியில் கிளம்பினேன். அதற்கு ஒரு மாதம் முன்பே புதிதாக எதையும் விதைப்பதை நிறுத்தினேன். வெண்டையும் கொத்தவரையும் காய்த்து ஓய்ந்தன. நாலு காயை முற்றவிட்டு விதை எடுத்து, சாம்பலில் புரட்டி டப்பாவில் வைத்தேன். கறிவேப்பிலை, முருங்கை, பசலைக்கொடி மூன்றையும் நிழல்வலைக்கு அடியில் ஒன்றாகச் சேர்த்து, கணவருக்கு அந்த மூன்று மட்டும்தான் பொறுப்பு என்றேன். பதினான்கைச் சொல்லியிருந்தால் ஒன்றும் பிழைத்திருக்காது.

முடிந்த பைகளில் மக்கிய உரம் கலந்து, இலைதழையால் மூடி விட்டுவிட்டால் மண் கெடாது. சித்திரையில் திரும்பி வந்தபோது மண்புழுக்கள்கூட இருந்தன. பசலை செத்திருந்தது, கணவர் விரலை மண்ணில் விடவில்லை போலும்.

குழந்தை பிறந்து எத்தனை நாளில் மறுபடி தோட்ட வேலை?

சுகப்பிரசவம் என்றால் ஆறு வாரப் பரிசோதனை முடியட்டும். சிசேரியன் என்றால் அந்த ஆறு வாரமும் பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்காதீர்கள். அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். எனக்குச் சிசேரியன். வந்த நேரமோ கத்திரி வெயில். அந்த வெயிலில் எதை விதைத்தாலும் கருகும் என்பதால் பேசாமல் ஆடிக்குக் காத்திருந்தேன். அதற்குள் மகனுக்கு ஐந்து மாதம் முடிந்து, கவிழ்ந்து படுக்கக் கற்றிருந்தான்.

தம்பி பிறந்ததும் மூத்தவள் ஒரே அடம். உங்கள் மகள் எப்படி?

கடித்தாள். தம்பியை இல்லை, என்னை. பால் கொடுக்க உட்கார்ந்தால் போதும், அவளுக்கு மாடிக்குப் போக வேண்டும். இதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை. மாலையில் மகன் தூங்கும் அரைமணி நேரம் அவளுக்கு என்று வைத்தேன்; மாடிக்கு நாங்கள் இருவர் மட்டும். கைபேசியைக் கீழேயே வைத்துவிடுவேன்.

எடுத்து வைத்திருந்த வெண்டை விதையை ஆடியில் ஊறப்போட்டு, அவள் பைக்கு அருகே உட்கார்ந்தோம். விரலால் குழி போட்டு மூன்று விதை போட்டாள். பிறகு பக்கத்தில் சின்னதாக இன்னொரு குழி போட்டு ஒரு விதையைப் போட்டு மூடினாள். அது தம்பிக்காம். முளைத்தால் தனக்கு வேண்டுமாம்.